காலி ஜாடிகளுக்கு யார் வாரிசு?

அமெரிக்காவில் பழைய பொருள்கள் விற்கும் சந்தைகளில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். தலை நரைத்த ஒருவர் தரையில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, ஒரு பெரிய சாம்பல் நிற ஜாடியின் வயிற்றில் விரல் முட்டியால் தட்டுவார். காதைப் பக்கத்தில் கொண்டுபோவார். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பவரின் முகத்தில் இருக்கும் அதே தீவிரம். 'ணங்'கென்று மணிபோல ஒலித்தால் முகம் மலரும். 'டொக்'கென்று செத்த சத்தம் வந்தால் மெதுவாக எழுந்து அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். கண்ணுக்கு அகப்படாத விரிசல் காதுக்கு அகப்பட்டுவிடும்.

அந்த ஜாடிக்கு அங்கே 'க்ராக்' என்று பெயர். நம் வீட்டுப் பரணில் தூங்கும் ஊறுகாய் ஜாடிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமான வாய், தடித்த விளிம்பு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காதுகள். ஐந்து காலன் ஜாடி காலியாக இருக்கும்போதே பத்துக் கிலோவைத் தாண்டும். ஒரு காலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். எத்தனை காலன் பிடிக்கும் என்பதை ஜாடியின் நெற்றியிலேயே எண்ணாகக் குத்தியிருப்பார்கள்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடும்பத்துக்கு ஃப்ரிட்ஜ், பீரோ, குதிர் எல்லாம் இந்த ஜாடிதான். முட்டைக்கோஸை நறுக்கி உப்புப் போட்டுப் புளிக்க வைப்பதும், வெள்ளரிக்காயை உப்பு நீரில் ஊறவைப்பதும், பன்றி இறைச்சியை உப்பிட்டு அடுக்கிவைப்பதும் இதில்தான். வெண்ணெய், கொழுப்பு, சுண்ணாம்பு நீரில் மூழ்கிய முட்டை என்று குளிர்காலம் முழுவதற்குமான சாப்பாடு நிலவறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஜாடி உடைந்தால் பொருள் நஷ்டம் மட்டுமில்லை. பிப்ரவரி மாதத்தில் வீட்டில் சாப்பிட என்ன இருக்கும் என்பதும் அதோடு கேள்விக்குறியாகிவிடும்.

இது சாதாரண மண்பானை இல்லை. 'ஸ்டோன்வேர்' என்று சொல்லப்படும் வகை. பெயரிலேயே கல் இருக்கிறது. இதற்கான களிமண் எல்லா இடத்திலும் கிடைக்காது. நியூ ஜெர்சியின் சவுத் அம்பாய் பகுதியில் அருமையான மண் இருந்தது. அதைப் படகில் ஏற்றி ஹட்சன் நதி வழியாக வடக்கே கொண்டுபோவார்கள். 1825இல் ஈரி கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டதும் மண் இன்னும் மேற்கே பயணம் போனது. யூட்டிகா, லயன்ஸ், ராசெஸ்டர் என்று கால்வாய்க்கரை ஊர்களில் சூளைகள் முளைத்தன. பழைய ஜாடிகளில் குத்தப்பட்டிருக்கும் ஊர்ப் பெயர்களைக் கோத்தால் அந்தக் காலத்துப் படகுப் பாதையே கிடைத்துவிடும்.

சூளையில் நடப்பதுதான் சுவாரஸ்யம். வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டி உச்சத்தில் இருக்கும்போது, சூளையின் துவாரங்கள் வழியாக உப்பைக் கொட்டுவார்கள். சமையலுக்குப் போடும் அதே உப்புதான். அது அந்தக் கணமே ஆவியாகும். அதிலிருக்கும் சோடியம், களிமண்ணிலிருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து ஜாடியின் மேல் கண்ணாடி போன்ற படலமாகப் படியும். தொட்டுப் பார்த்தால் ஆரஞ்சுப் பழத் தோல்போலச் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும். அடுக்கி வைத்த ஜாடிகளின் உள்பக்கம் உப்பு ஆவி சரியாகப் போய்ச் சேராது என்பதால், நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் கிடைத்த ஒரு வகைக் கருமண்ணைக் கரைத்து உள்ளே பூசிவிடுவார்கள். அதனால்தான் வெளியே சாம்பல், உள்ளே சாக்லேட் பழுப்பு. உப்பில் பிறந்த ஜாடி, வாழ்நாள் முழுக்க உப்பைச் சுமக்கிறது. மயிரிழை விரிசல் விழுந்த பழைய ஜாடியில், ஊறுகாய் போட்டவர் இறந்து பல காலம் ஆன பிறகும் அந்த விரிசல் வழியாக வெள்ளை உப்பு பூத்துக்கொண்டே இருக்கும். கழுவினால் போகும், பிறகு திரும்ப வரும்.

நிறம் என்றால் நீலம் மட்டும்தான். அந்தக் கடும் வெப்பத்தைத் தாங்கி நிற்கும் நிறங்கள் மிகக் குறைவு. கோபால்ட் நீலம் தாங்கும். ஆனால் விலை அதிகம், அதனால் கொஞ்சமாகத்தான் தொடுவார்கள். ஒரு பறவை, ஒரு பூ, தானியம் கொத்தும் ஒரு கோழி. தூரிகையாலோ, மெல்லிய குழாய் வைத்த சின்னக் கிண்ணத்தாலோ, அடுத்த ஜாடி காத்திருக்கும் அவசரத்தில் இழுத்த நாலு கோடு. இன்று சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது அந்த நாலு கோட்டுக்காகத்தான். படமில்லாத ஜாடி ஒரு விலை, பூப்போட்ட ஜாடி ஒரு விலை, பறவை என்றால் அதற்கும் மேல். மான், சிங்கம், கப்பல், மனித முகம் என்று போனால் ஏலக்கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். வெர்மான்ட் மாநிலத்து பென்னிங்டனில் நார்டன் குடும்பம் 1793 முதல் நூறாண்டு நடத்திய பட்டறையிலிருந்து வந்த மான் படங்களுக்கு இன்றைக்கும் தனி மவுசு உண்டு.

சேகரிப்பாளர்களில் இன்னொரு பெரிய கூட்டம் மினசோட்டா மாநிலத்தின் ரெட் விங் என்ற சின்ன ஊரைச் சுற்றி இருக்கிறது. மிசிசிப்பி நதிக்கரையில் 1870களில் தொடங்கிய பட்டறைத் தொழில் அது. 20ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து வந்த வெள்ளை ஜாடிகளில் ஒரு சிவப்புச் சிறகு முத்திரை பளிச்சென்று தெரியும். 1967இல் ஒரு வேலைநிறுத்தத்தோடு ஆலை மூடப்பட்டது. பத்தே வருடத்தில், 1977இல், அந்தப் பாண்டங்களைச் சேகரிப்பவர்கள் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஆலை செத்ததும் அதன் பொருளுக்கு உயிர் வந்தது. அவர்களுக்கென்று ஒரு பாஷையே உண்டு. சூளைக் கூரையில் உருகிய உப்பும் மண்ணும் சொட்டி ஜாடிமேல் விழுந்த பச்சை, பழுப்புத் திட்டுகளை அவர்கள் 'வான்கோழி எச்சம்' என்பார்கள். அன்றைக்கு இரண்டாம் தரம் என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய குறை, இன்றைக்கு ஆசையோடு காட்டப்படும் அழகு.

அப்படி ஒரு வீட்டை மனதில் எழுப்பிப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற தம்பதி. பெயர் வேண்டாம், இந்த மாதிரி வீடுகள் அங்கே நிறைய. ஆரம்பம் மனைவியின் பாட்டி வீட்டு ஜாடி. விளிம்பு கொஞ்சம் சில்லு போனது. வாசலில் குடை வைக்க உதவியது. ஒருநாள் கணவர் சும்மா இருக்காமல் அதன் அடியிலிருக்கும் முத்திரை என்னவென்று தேடினார். அவ்வளவுதான். அடுத்த கோடையில் அதற்கு ஒரு ஜோடி வந்தது. பிறகு ஒரு காலன் முதல் இருபது காலன் வரை எல்லா அளவும் வேண்டும் என்ற வீம்பு. இருபது காலன் ஜாடியை வண்டியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். அறுபது வயதில் அந்த இரண்டாவது ஆள் யார் என்பது குடும்பத்தில் ஒரு முக்கியமான பிரச்சினை.

"இதுதான் கடைசி" என்று அவர் சொல்வதும், "போன வருஷமும் கடைசின்னுதான் சொன்னீங்க" என்று அந்த அம்மா சொல்வதும் எந்த நாட்டிலும், எதைச் சேர்ப்பவர் வீட்டிலும் கேட்கும் வசனம்தான். ஆனாலும் விற்பனைக்குப் போகிற காரில் முதலில் ஏறி உட்காருவது அவர்தான். விலை பேசுவதில் கணவரைவிட அவர் கெட்டி.

கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்ட வேண்டும். கண் தவறவிட்ட சில்லை விரல் பிடித்துவிடும். புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பசைவைத்து ஒட்டி வர்ணம் பூசி மறைத்த இடம் அந்த வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். மோசடியும் உண்டு. ஜாடி அசல் பழசாகவே இருக்கும். படம் மட்டும் போன வருடம் போட்டதாக இருக்கும். சாதாரண ஜாடியில் நீலப் பறவை ஒன்றை உட்காரவைத்துவிட்டால் விலை பல மடங்கு ஏறுமே. உண்மையான நீலம் உப்புப் படலத்துக்கு அடியில் இருக்கும், நகத்துக்கு அகப்படாது. மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்படலாம். இன்னொன்று, அனுபவசாலிகள் பழைய ஜாடியில் சாப்பிடும் பொருளைப் போடமாட்டார்கள். நூறு வருடத்தில் அதில் என்னென்ன ஊற்றிவைத்தார்கள் என்பதற்கு முத்திரை கிடையாது.

இந்த வீட்டுப் பேஸ்மென்ட்டில் இப்போது எண்பது ஜாடிகள். பிரச்சினை ஜாடியில் இல்லை, மாடிப்படியில் இருக்கிறது. கணவருக்கு முழங்கால் வலி. இறங்கினால் ஏறக் கஷ்டம். வீட்டை விற்றுவிட்டுச் சின்ன இடத்துக்குப் போகலாம் என்ற பேச்சு வந்தாகிவிட்டது. மகன் ஒரு நகரத்தில், மகள் இன்னொரு நகரத்தில், இருவருக்கும் மாடி அபார்ட்மென்ட். "உங்களுக்கு எத்தனை வேண்டும்?" என்று கேட்டால் போனில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மகள் சொல்வாள், "ஒண்ணு வெச்சுக்கறேம்ப்பா, செடி வைக்க."

பிள்ளைகளைக் குறை சொல்வது சுலபம், நியாயம் இல்லை. பத்துக் கிலோ ஜாடியை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அதில் என்ன செய்வது? கண்ணாடி ஜாடிக்கு ஜான் மேசன் என்பவர் 1858இல் காப்புரிமை வாங்கிய நாளிலேயே க்ராக்கின் கதை முடியத் தொடங்கிவிட்டது. தகர டப்பாவும் ஃப்ரிட்ஜும் மிச்சத்தை முடித்துவைத்தன. பொருளுக்கு வேலை போன பிறகு அதை வைத்துக்கொண்டிருந்தது பாசம் மட்டும்தான். அந்தப் பாசம் பாட்டியின் நிலவறையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இருந்தது. பார்க்காதவர்களுக்கு எப்படி வரும்?

சந்தையும் அதையேதான் சொல்கிறது. அபூர்வமான படம் போட்ட ஜாடிகளுக்கு இன்றும் போட்டி குறையவில்லை. ஆனால் படமில்லாத, சாதாரண ஐந்து காலன் ஜாடி, நல்ல உணவகத்தில் இரண்டு பேர் சாப்பிட்ட பில் அளவுக்குக் கிடைத்துவிடுகிறது. சேகரிப்பை முதலீடு என்று நம்பியவர்களுக்கு அது பலத்த அடி. எண்பதில் எழுபது இந்த ரகம் என்று தெரியவரும் நாள், எந்தச் சேகரிப்பாளருக்கும் நல்ல நாளாக இருக்காது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஜாடியில் குத்தியிருக்கும் பெயர் பெரும்பாலும் பட்டறை முதலாளியின் பெயர். நார்டன் என்று முத்திரை இருந்தால், அதை வனைந்த கை ஒரு நார்டனுடையது என்று அர்த்தமில்லை. சக்கரத்தில் உட்கார்ந்தவர், பறவை வரைந்தவர், சூளையில் உப்புக் கொட்டிப் புகையைக் குடித்தவர் யாருக்கும் அங்கே இடமில்லை. அடிப்பாகத்தில் எங்காவது ஒரு விரல் ரேகை பதிந்திருந்தால் அதுதான் அவர்களுடைய கையெழுத்து. சேகரிப்பாளர்கள் அந்த ரேகையில் தன் விரலை வைத்துப் பார்ப்பார்கள். அளவு சரியாகப் பொருந்தினால் ஒருவித சிலிர்ப்பு.

ஒருவர் இந்த வழக்கத்தை உடைத்தார். உடைப்பதற்கு எந்த உரிமையும் இல்லாத ஒருவர்.

தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்ட் பகுதியில் சூளைகள் வேறு மாதிரி. அங்கே உப்புக்குப் பதிலாக மரச்சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த மெருகு. ஜாடிகள் பச்சையும் பழுப்புமாக வழியும். அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். அவர்களில் ஒருவர் டேவ். 1800ஐ ஒட்டிப் பிறந்தவர். பெரிய பெரிய ஜாடிகள் வனைவதில் அவருக்கு இணை சொல்வது கஷ்டம். 1859இல் பேட்லர் என்ற இன்னோர் அடிமைத் தொழிலாளியோடு சேர்ந்து அவர் செய்த ராட்சத ஜாடி சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈரமண்ணில் அந்த உயரத்துக்குச் சுவரை எழுப்பிச் சரியாமல் நிறுத்துவது எப்பேர்ப்பட்ட வேலை என்பது சக்கரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

டேவ் ஜாடியோடு நிறுத்தவில்லை. ஈரமண்ணில் குச்சியால் தன் பெயரை எழுதினார். தேதி எழுதினார். சில ஜாடிகளில் இரண்டடிக் கவிதையும் எழுதினார். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி தென் கரோலினா 1834 டிசம்பரில் சட்டம் இயற்றியது. டேவின் கவிதைகளில் இதுவரை கிடைத்ததில் ஆகப் பழையது அதே வருடம் ஜூலை மாதத் தேதி போட்டது. சட்டம் வந்த பிறகும் அவர் எழுதினார், தோளில் பதித்த எழுத்து எல்லோர் கண்ணிலும் படும் ஜாடிகளில். 1857இல் எழுதிய ஒன்றில், தன் சொந்தபந்தமெல்லாம் எங்கே போயிற்றோ என்று கேட்கிறார். குடும்பங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்ற காலம் அது. இறைச்சியும் கொழுப்பும் போட்டு வைக்கிற பாத்திரத்தில் ஒரு மனிதன் இதைக் கேட்டிருக்கிறான்.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்த பிறகு, 1870 மக்கள்தொகைக் கணக்கில் அவர் டேவிட் டிரேக் என்ற முழுப் பெயரோடு பதிவாகிறார்.

2021 ஆகஸ்டில் மேரிலாந்து மாநிலத்தில் நடந்த ஓர் ஏலத்தில் டேவ் 1858இல் செய்த 25 காலன் ஜாடி ஒன்று வந்தது. கவிதை எழுதிய ஜாடி. ஆர்கன்சாஸ் மாநிலத்திலுள்ள கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் அதை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. அமெரிக்க ஸ்டோன்வேருக்கு அதற்கு முன் அப்படி ஒரு விலை கேட்டதில்லை. க்ராக் சேகரிப்பவர்கள் மத்தியில் பல நாள் இதே பேச்சு. பெரும்பாலும் சந்தோஷமான பேச்சுதான். தங்கள் பேஸ்மென்ட் பைத்தியத்துக்கு இப்படி ஓர் அங்கீகாரம் வந்ததே என்ற பெருமை. அந்தப் பெருமைக்கு நடுவே ஒரு சங்கடமும் இருந்தது. விற்றவருக்குப் பணம், ஏலக்காரருக்குப் பங்கு, வாங்கியவருக்குப் பொக்கிஷம். செய்தவருக்கு அன்றும் கூலி இல்லை, இன்றும் இல்லை.

இந்தச் சங்கடத்தைச் சட்டபூர்வமான கேள்வியாக மாற்றியவர்கள் டேவின் வம்சாவளியினர். ஓவியம் திருடுபோனால் உரியவரிடம் திருப்பித் தருகிறோம். தான் செய்த பொருளைத் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளவே அனுமதிக்கப்படாத ஒருவரின் பொருளை என்ன சொல்வது? பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திடம் டேவ் செய்த இரண்டு ஜாடிகள் இருந்தன. 2025இல் அந்த அருங்காட்சியகம் இரண்டின் உரிமையையும் அவருடைய வாரிசுகளிடம் ஒப்படைத்தது. பிறகு அதில் கவிதை எழுதிய ஒன்றை அவர்களிடமிருந்தே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. மற்றொன்று இரவலாக அங்கேயே இருக்க வாரிசுகள் சம்மதித்தார்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதே கட்டடம், அதே ஜாடி. மாறியது காகிதம் மட்டும்தான், அது சாதாரணக் காகிதம் இல்லை.

பேஸ்மென்ட்டில் எண்பது ஜாடி வைத்திருப்பவருக்கும் இதற்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய ஜாடிகளுக்கு உரிமை கேட்டு யாரும் வரப்போவதில்லை. கேட்டு வந்தால் சந்தோஷப்படும் நிலைமையில்தான் அவர் இருக்கிறார். சேகரிப்பாளர் சங்கங்கள் இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் எளிமையான யோசனை சொல்வதுண்டு. ஒவ்வொரு ஜாடியின் வரலாற்றையும் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். ஜாடிமேல் எதையும் ஒட்டாதீர்கள். எங்கே வாங்கியது, யாரிடம், என்ன விலை, அவர்கள் வீட்டில் அதில் என்ன போட்டு வைத்திருந்தார்கள். வரலாறு தெரிந்த ஜாடி எங்கே போனாலும் அநாதை ஆகாது.

அப்படி எழுத உட்கார்ந்தால் ஒரு மாலையில் ஏழெட்டு ஜாடிதான் முடியும். கணவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதுவார். ஊர், வருடம், காலன், பட்டறை. 'செய்தவர்' என்ற இடம் வரும்போது பேனா நிற்கும். எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வரியை அடித்துவிடாமல் காலியாக விட்டுவிட்டு, காகிதத்தை மடித்து உள்ளே போடுவார்கள். பாட்டி ஜாடியின் முறை வரும்போது அந்த அம்மா யாரையும் கேட்காமல் தானே எழுதுவார்: முட்டைக்கோஸ் ஊறுகாய், அதற்குப் பிறகு குடை.